பூப் பார்க்கப் போனவர்கள்

கி.பி. 730-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஜப்பான் தேசத்தின் அந்நாளையத் தலைநகரமாகிய நாராவுக்கு வெகு தொலைவில், கடல் கடந்து வரும் தூதுவரையும் பகைவரையும் எதிர்கொள்வதற்கென்று கியூஷூத் தீவிலே அமைந்திருந்த தசாய்ஃபு என்னும் அரசாங்க நிலையத்தில், ஓட்டொமோ நோ தபித்தோ என்ற வயோதிக அதிகாரி, தமது மாளிகைத் தோட்டத்து உமே மரங்கள் பூத்திருப்பதைக் கண்டு களிப்பதற்காக உத்தியோகஸ்தர்களையும் நண்பர்களையும் அழைத்து ஒரு விருந்து நடத்தினார். உமே என்பது பிளம் இனத்தைச் சேர்ந்தது. சீன தேசத்திலிருந்து வந்தது. குளிர் முற்றும் விலகுமுன்பே இலையற்ற கிளையில் மணமுள்ள மலர்களைத் தாங்கி நிற்பது. வந்தவர்கள் ஆளுக்கொன்றாக 32 பாட்டுப் பாடினார்கள். அவை ‘மன்யோஷூ’ என்னும் பழந்தொகையில் இடம்பெற்றன. 2019-ஆம் ஆண்டில் புதிய சக்கரவர்த்தி பட்டமேறியபோது அவருடைய ஆட்சிக்காலத்துக்குச் சூட்டப்பட்ட பெயரும் அப்பாட்டுக்களின் முகவுரையிலிருந்தே எடுக்கப்பட்டது.

இதைப் படிக்கிறவர், செல்வமும் ஓய்வும் உடைய பிரபு ஒருவர் கவலையின்றிப் பொழுதுபோக்கிய கதை என்று எண்ணிக்கொள்ளக்கூடும். ஆனால் தபித்தோவுக்கு அப்போது 65 பிராயம். தசாய்ஃபுவுக்கு வந்து சேர்ந்த சில காலத்துக்குள், 728-இல், உடன் வந்த மனைவியை அவர் இழந்திருந்தார். மறு ஆண்டு தலைநகரத்திலே நாகயா என்னும் இளவரசர் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டுத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார். அரண்மனையில் அடுத்தபடியாக யாருடைய தலை உருளுமென்று ஒருவருக்கும் தெரியாத அந்த வேளையில்தான், துணையிழந்த கிழவர் ஒருவர் மரம் பூத்திருக்கிறதென்று ஆட்களைக் கூப்பிட்டனுப்பினார். விருந்து நடந்த மறு ஆண்டே அவர் காலமானார். இன்னும் நாலாண்டு கழித்து, 735-இல், அதே தசாய்ஃபுப் பக்கமாகத்தான் வைசூரி தேசத்துக்குள் நுழைந்தது. இரண்டு ஆண்டுகளில் ஜனத்தொகையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அது வாரிக்கொண்டு போயிருக்கலாமென்று சரித்திரகாரர் மதிப்பிடுகின்றனர். நாகயாவின் வீழ்ச்சிக்குக் காரணராயிருந்த ஃபுஜிவாரா குலத்துச் சகோதரர் நால்வரும் 737-இல், ஒருவர்பின் ஒருவராக, அந்நோய்க்கே இரையாயினர்.

ஜப்பானியர் ‘ஹனாமி’ என்று வழங்கும் பூப்பார்க்கும் சம்பிரதாயத்தின் சரித்திரத்தை இந்த விருந்திலிருந்து நான் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அச்சம்பிரதாயத்தைச் சமாதான காலத்தின் அலங்காரமென்றே பலரும் எழுதி வந்திருக்கின்றனர். பழைய நாட்குறிப்புக்களைப் புரட்டினாலோ, ஊர் எரிந்த ஆண்டிலும் பஞ்சம் வந்த ஆண்டிலும் பதவி போன ஆண்டிலும் அவர்கள் தவறாமற் பூப்பார்க்கப் போயிருப்பது தெரிகிறது. அந்த மகிழ்ச்சி சிறியதாக இருந்த வரையில் அது மனிதரைத் தாங்கிற்று என்பதும், அதனைப் பெரிதாக்க முயன்றவர்கள் வந்தபோதெல்லாம் அது வேறொன்றாகத் திரிந்து போயிற்று என்பதும் என் கருத்து.

நாரா காலத்தில் கவிஞர் மனத்தைக் கவர்ந்தது உமேயே. மன்யோஷூவில் அடங்கிய ஏறக்குறைய 4,500 பாட்டுக்களில் உமேயைப் பாடியவை நூற்றுக்கு மேல். மலைகளில் தானாக வளர்ந்த சகுரா என்னும் செர்ரி மரத்தைப் பாடியவை அவற்றில் பாதிக்கும் குறைவு. தலைநகரம் 794-இல் கியோட்டோவுக்கு மாறிய பின்னரே சகுரா முந்திக்கொண்டது. 812-ஆம் ஆண்டு சாகா சக்கரவர்த்தி, ஷின்சென்-என் என்னும் அரண்மனை நந்தவனத்தில் மலர் விருந்து ஒன்று நடத்தியதாக அரசாங்க வரலாற்று ஏடு கூறுகிறது. சகுராப் பூப்பார்த்தலுக்கு ஏட்டில் கிடைக்கும் முதற் சான்றுகளுள் இது ஒன்று. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான், பதவி துறந்திருந்த தம் தமையனாருடன் சிம்மாசனத்துக்காகப் பிணங்கி, உள்நாட்டு யுத்தத்தின் வாயிலிலிருந்து அவர் மீண்டிருந்தார்.

அரண்மனை நிலை இவ்வாறிருக்க, கிராமத்து ஜனங்களுக்கும் பூவுக்கும் இருந்த சம்பந்தம் அச்சம் கலந்ததாயிருந்தது. பூ உதிரும்போது அவ்விதழ்களோடு கொள்ளைநோயின் தேவதைகளும் நாலு திக்கும் சிதறிப் பரவுகின்றன என்று பழைய சட்ட நூலின் உரையொன்று கூறுகிறது. ஆகவே வசந்தத்தின் கடைசியில், உதிரும் மலர்களைச் சாந்தப்படுத்தும் பூஜை ஒன்றை அரசாங்கமே விதித்திருந்தது. நாராவுக்கருகில் ஓமிவா ஆலயத்தில் ஏப்ரல் 18-ஆம் தேதி இன்றும் அப்பூஜை நடக்கிறது. கியோட்டோவின் வடபுறத்து இமாமியா ஆலயத்தில் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறன்று நடக்கும் யசுராய் விழாவும் அவ்வகையினதே: நீண்ட முடி தரித்த பூத வேஷக்காரர்கள் பறையும் தாளமும் கொட்டி ஆடி வருவார்கள், பூக்கள் செருகிய பெரிய சிவப்புக் குடை ஒன்று கூட வரும், அதன் நிழலில் ஒரு கணம் நுழைந்து வந்தால் அவ்வாண்டு முழுவதும் நோய் அண்டாதென்பது நம்பிக்கை. 1154-இல் இந்த ஆட்டம் மிதமிஞ்சிப் போயிற்றென்று அரசாங்கம் அதைத் தடைசெய்தது. பிற்காலத்தார் பூவில் கண்ட சோகரசத்தையெல்லாம் கவிகளின் சிருஷ்டி என்று சொல்லிவிடுவது எளிது; கவிகளுக்கு முன்னே கிராமத்தார் இருந்தார்கள் என்பதை மறக்கலாகாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியைப்போல் அத்தேசம் அலைக்கழிந்த காலம் வேறில்லை என்று சொல்லலாம். காமோ நோ சோமேய் என்னும் துறவி தம் குடிசையிலிருந்து 1212-இல் எழுதி முடித்த சிறு நூலில் அக்காலத்து உற்பாதங்களைக் கண்ணாற் கண்டவராய் விவரிக்கிறார்: 1177-இல் எழுந்த தீயில் தலைநகரின் மூன்றிலொரு பங்கு சாம்பலாயிற்று, 1180-இல் சூறாவளி வீடுகளைப் பெயர்த்தெறிந்தது, அவ்வாண்டிலேயே தலைநகரத்தைக் கடற்கரைக்கு மாற்றுவதென்று உத்தரவு பிறந்து, வீடுகளைப் பிரித்து மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக்கொண்டு போன ஜனங்கள், சில மாதங்களுக்குள் அதே உத்தரவு ரத்தாகித் திரும்பி வந்தார்கள், அடுத்த இரண்டு ஆண்டுகள் பஞ்சம், 1185-இல் பூகம்பம். பஞ்சத்தில் தெருவோரம் கிடந்த பிரேதங்களின் நெற்றியில், அவை நற்கதி அடையவேண்டுமென்று சம்ஸ்கிருத அகரத்தை எழுதிக்கொண்டு போன ரியூக்யோ என்னும் பௌத்த குரு, இரண்டு மாதத்தில் நகரின் கீழ்ப்பாதியில் மட்டும் 42,300 பிரேதங்களை எண்ணினாராம். இவற்றுக்கிடையே தைரா, மினமோட்டோ குலங்களின் யுத்தம் ஐந்தாண்டு காலம் நடந்துகொண்டிருந்தது.

இந்த நூற்றாண்டின் மனிதர்தாம் சைக்யோ. 1118-இல் போர்வீரர் குடியிற் பிறந்து, பதவி துறந்த சக்கரவர்த்தி ஒருவரின் மெய்க்காவல் படையில் சேவித்து, 1140-இல், இன்ன காரணமென்று யாருக்கும் விளங்காதவாறு, இளம் பிராயத்திலேயே முடி களைந்து துறவியானவர். துறந்தும் பூவைத் துறக்க மனம் வரவில்லையே என்று தம்மையே கடிந்துகொண்ட பாட்டுக்கள் அவருடையவற்றில் பல உண்டு. யோஷினோ மலையிலே குடிசை கட்டிக்கொண்டு, அடிவாரத்தில் தொடங்கிச் சிகரம் வரையில் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும் சகுராப் பூப்பின் பின்னாலேயே அவரும் ஏறிப் போனார். உலகத்தை விட்டொதுங்கிய சோம்பேறியென்று அவரை நினைத்துவிட வேண்டா. யுத்தத்தில் எரிந்துபோன தோதாய்-ஜி மகாபுத்த ஆலயத்தைப் புதுப்பிக்கப் பொன் திரட்டுவதற்காக, 1186-இல், எழுபதை எட்டும் வயதில், தேசத்தின் வடகோடி வரையில் அவர் கால்நடையாகப் பிரயாணம் செய்திருக்கிறார். இரண்டாம் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டிப் பூக்களின் கீழே உயிர்விட வேண்டுமென்று முன்னமே ஒரு பாட்டில் விரும்பியிருந்தார். 1190-இல், அந்த மாதத்துப் பதினாறாம் நாளிலே, கவாச்சி நாட்டு ஆலயமொன்றில் காலமானார். ஒரு நாள் பிந்தியதைப் பற்றி அந்நாளைக் கவிஞர் ஒருவரும் குறைகூறியதாகத் தெரியவில்லை. எல்லோரும் அதிசயித்தே போனார்கள்.

அதற்குப் பின் வந்த முந்நூறு ஆண்டுகளைச் சுருக்கமாகவே கடந்து செல்லலாம். 1467 முதல் பதினோர் ஆண்டு நடந்த ஓனின் யுத்தத்தில் கியோட்டோ நகரமே எரிந்தது. ஆயினும் அரண்மனைப் பிரபுக்களும் மடங்களின் குருமாரும் தம் நாட்குறிப்பில் இன்ன தேதியில் சகுரா முழுதும் பூத்தது, இன்ன தேதியில் பூப்பார்க்கப் போனோம் என்று எழுதி வைக்கும் பழக்கத்தைக் கைவிடவில்லை. இடையிடையே சில ஆண்டுகளுக்குக் குறிப்புக் கிடைக்காமற் போனபோதிலும், ஒன்பதாம் நூற்றாண்டு தொட்டு இன்று வரையில் கியோட்டோ சகுரா பூத்த தேதிகளை அவற்றிலிருந்து ஆராய்ச்சியாளர் திரட்டியிருக்கின்றனர்; தட்பவெப்ப மாற்றத்தை அளந்தறிய அது இன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. 1409-இல் மார்ச் 27 என்பதே மிகவும் முந்திய தேதியாக ஆறு நூற்றாண்டு இருந்தது. 2021-இல் மார்ச் 26 அதனை முந்திவிட்டது. வயிற்றுக்கு வழி தெரியாத பிரபு ஒருவர் பூத்த நாளைக் குறித்து வைத்தது, இப்படியொரு காரியத்துக்கு உதவுமென்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

யுத்தங்களை ஒருவாறு முடித்துவைத்துத் தேசத்தைத் தன் குடைக்கீழ்க் கொணர்ந்த தொயொத்தொமி ஹிதெயோஷி, தாழ்ந்த குடியிற் பிறந்து தன் சாமர்த்தியத்தால் உயர்ந்தவன். இவனுக்கு எதுவும் பெரிதாக இருந்தாக வேண்டும். 1594-இல் யோஷினோ மலைக்கு 5,000 பேருடன் பூப்பார்க்கச் சென்றான். மூன்று நாள் மழை விடாமற் பெய்தது. மழை நிற்காவிட்டால் மலைக்குத் தீ வைத்துவிட்டுப் போவதாக அங்கிருந்த குருமாரை அவன் மிரட்டினான் என்றொரு கதை வழங்குகிறது. நாலு ஆண்டு கழித்து, 1598 ஏப்ரல் 20-ஆம் தேதியன்று, கியோட்டோவுக்குத் தென்கிழக்கே உள்ள தைகோ-ஜி மடத்தில் அவன் நடத்திய மலர் விருந்தே ஜப்பானியச் சரித்திரத்தில் மிகவும் பிரசித்தி பெற்றது. ஓனின் யுத்தத்தில் அம்மடத்தின் கட்டடங்கள் அழிந்து, 951-இல் கட்டிய ஐந்தடுக்குக் கோபுரம் மாத்திரம் எஞ்சியிருந்தது. பாழாய்க் கிடந்த இடத்தைச் செப்பனிட்டு, சுற்றுப்புற நாடுகளிலிருந்து 700 சகுரா மரங்களை வேரோடு பெயர்த்துக் கொணர்ந்து நட்டு, மனைவியரும் பணிப்பெண்களும் பிரபுக்களின் வீட்டாருமாக 1,300 பெண்டிரை அழைத்து, ஒவ்வொருத்திக்கும் அன்று மாற்றிமாற்றி உடுக்க மும்மூன்று பட்டுடைகள் வழங்கினான். பல்லக்குகள் வரிசைப்படி வந்தன. மதுக்கிண்ணத்தை யாருக்குப் பின் யார் பெறுவது என்பதில் அவனுடைய மனைவியருக்குள் சச்சரவு எழுந்ததென்றும் சொல்வதுண்டு.

அந்த வசந்தத்தில், கடலுக்கு அப்பால், கொரியாவில் அவனுடைய சேனை யுத்தம் செய்துகொண்டிருந்தது. சில வாரங்களுக்கு முன்புதான் உல்சான் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்ட அவன் வீரர்கள் கடுங்குளிரில் பட்டினியால் மடிந்திருந்தனர். கொன்றதற்கு அத்தாட்சியாக உப்பிலிட்டுப் பீப்பாய்களில் அனுப்பப்பட்ட கொரியரின் மூக்குகளைப் புதைத்த மேடு, கியோட்டோவிலேயே முந்தின ஆண்டு எழும்பியிருந்தது. இன்றும் அது அங்கே இருக்கிறது. ஹிதெயோஷியோ நோயாளி, வாரிசாகிய மகன் ஐந்து வயது நிரம்பாத பாலகன், சபையிலிருந்த பிரபுக்களில் யாரை நம்புவதென்று தெரியாத கலக்கம். செப்டம்பரில் அவன் இறந்தான். பதினேழு ஆண்டுகளுக்குள் அவன் வம்சமே அழிந்தது. அவனும் துன்பத்தினிடையே வசந்தத்தை நாடியவன்தானே, அவனை மட்டும் ஏன் விலக்குகிறாய் என்று கேட்கலாம். பிறரை வதைத்து அடைந்த அமைதியின்மைக்கு மருந்தாக எழுநூறு மரங்களைப் பிடுங்கி வருகிறவனுடைய களிப்பை, மனைவியைப் பறிகொடுத்த தபித்தோவின் விருந்தோடு ஒரே பந்தியில் வைக்க எனக்கு மனமில்லை.

பூப்பார்த்தல் ஏழைகளின் சொத்தாக மாறிய கதை எடோ நகரத்தில் தொடங்குகிறது. இன்று தோக்கியோ என வழங்கும் அந்நகரம் பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறக்குறைய பத்து இலட்சம் ஜனங்களுடையதாயிருந்தது. 1657-இல் எரிந்தது, 1772-இல் எரிந்தது, 1806-இல் எரிந்தது, இடையிடையே எரிந்தவற்றுக்குக் கணக்கில்லை. கைத்தொழிலாளரும் கூலிக்காரரும் குடியிருந்தது ‘நாகயா’ என்ற ஒண்டுக்குடித்தன வரிசைகளில். ஒரு குடித்தனத்துக்கு 9 அடிக்கு 12 அடி இடம். சமையலும் படுக்கையும் அதற்குள்ளேதான். கிணறும் கழிப்பிடமும் எல்லோருக்கும் பொது. எடோவிலிருந்து தேசத்தை ஆண்ட ‘ஷோகுன்’ என்னும் படைத்தலைவர் வரிசையில் எட்டாமவராகிய யோஷிமுனே, 1716-இல் பதவியேற்றவர், பருத்தி உடுத்தி எளிய உணவு உண்டு பிறரையும் அவ்வாறே இருக்கச் சொன்ன சிக்கனப் பிரபு. உயேனோவிலே பழைய சகுராத் தோப்பு இருந்ததாயினும் அது ஷோகுன் குலத்தின் சமாதிகளுள்ள மடத்தைச் சேர்ந்ததால், அங்கே குடிக்கவும் கூடாது, பாடவும் கூடாது. ஆகையால் நகருக்கு வடக்கே அசுகாயாமா என்னும் குன்றில் 1720-ஐ ஒட்டி 1,270 சகுரா மரங்களை நடச் செய்தார். சுமிதா ஆற்றங்கரையிலும் மரங்கள் வைக்கப்பட்டன. பூப்பார்க்க வரும் ஜனங்களின் கால்மிதியால் கரை இறுகி வெள்ளத்தைத் தாங்குமென்ற யோசனையும் அதில் இருந்ததென்று சொல்வர். சிக்கனக்காரர் ஒருவர் உல்லாசத்துக்குச் செலவிட்டால் அதிலும் ஒரு வரவு பார்ப்பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

மரங்கள் வளர்ந்துகொண்டிருக்கையில் 1732-இல் மேற்கு நாடுகளில் தத்துப்பூச்சி நெற்பயிரை அழித்தது, பஞ்சம் மூண்டது, அடுத்த ஆண்டு எடோவில் அரிசி விலை ஏறவே, ஜனங்கள் ஒரு பெரிய அரிசி வியாபாரியின் வீட்டை உடைத்து நொறுக்கினார்கள். அந்நகரத்தில் அவ்வகைக் கலகம் அதுவே முதலாவது. அதற்கு நாலாவது ஆண்டில், 1737-இல், அசுகாயாமாவில் தேநீர்க் கடைகள் வைக்க அனுமதி பிறந்தது. கலகத்துக்கும் கடைகளுக்கும் காரணகாரிய சம்பந்தம் கற்பிக்க நான் துணியமாட்டேன். ஆயினும் கல்லெறிந்த கைகளில் சில அங்கே கிண்ணம் ஏந்தியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அக்குன்றில் வேஷம் போட்டுக்கொள்ளலாம், கோமாளிக் கூத்து ஆடலாம், வாய்விட்டுப் பாடலாம். ஆண்டு முழுவதும் தலைகுனிந்து நடந்தவன் அன்று ஒரு நாள் நிமிர்ந்து நின்றான்.

சுமிதாக் கரையில் சோமேய்-ஜி என்னும் மடத்தின் வாயிற்காவலன், யமமோட்டோ ஷின்ரோக்கு என்பவன், உதிர்ந்து குவியும் சகுரா இலைகளைப் பெருக்கிப் பெருக்கிச் சலித்துப்போய், அவற்றைப் பீப்பாயில் உப்பிட்டு ஊறவைத்து, பயற்றம் பூரணம் வைத்த மாப்பண்டத்தை அவ்விலையிற் பொதிந்து 1717 முதல் விற்கலானான் என்பது அக்கடையார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. பூரணமும் மேல்மாவுமாக நம் வீட்டுக் கொழுக்கட்டையை நினைவூட்டும் பண்டம் அது. உப்பூறிய இலையின் மணம் மட்டும் அதற்கே உரியது. 1824-ஆம் ஆண்டில் அக்கடையார் ஊறவைத்த இலைகள் 31 பீப்பாய், 7,75,000 இலை. பண்டம் ஒன்றுக்கு இரண்டிலை வீதம் 3,87,500 பண்டங்கள் என்று அக்காலத்து எழுத்தாளர் பாக்கின் சார்ந்த கூட்டத்தார் கணக்கெழுதி வைத்திருக்கின்றனர். கடை இன்றும் அதே கரையில் நடந்து வருகிறது.

ஒண்டுக்குடித்தனத்தாரின் பூப்பார்த்தலை அறிய விரும்புகிறவர் ‘ராகுகோ’ என்னும் கதை சொல்லும் கலையை நாடவேண்டும். மேடைமேல் ஒருவரே அமர்ந்து, விசிறியும் கைக்குட்டையும் தவிர வேறு கருவியின்றி, பத்துப் பேராகப் பேசுவது அக்கலை. அதிலே வசந்தந்தோறும் சொல்லப்படும் ‘நாகயா நோ ஹனாமி’ என்ற கதை, கியோட்டோ, ஓசக்கா பக்கத்திலிருந்து எடோவுக்கு வந்தது. வாடகை பாக்கி கேட்கத்தான் கூப்பிடுகிறாரோ என்று குடித்தனக்காரர்கள் நடுங்கிக்கொண்டு போனால், வீட்டுக்காரர், தரித்திரம் பிடித்த வரிசையென்று ஊர் நம்மைச் சிரிக்கிறது, வாருங்கள் எல்லோரும் பூப்பார்க்கப் போவோம் என்கிறார். மதுவென்று அவர் காட்டும் சாடியில் நீர்கலந்த தேநீர். வேகவைத்த மீன்விழுதுத் துண்டுகளென்று காட்டுவது வெள்ளை முள்ளங்கி வில்லைகள். முட்டைச் சுருளென்று காட்டுவது மஞ்சள் நிறத்தில் ஊறிய முள்ளங்கி. விரிக்கக் கம்பளம் என்பது வைக்கோற் பாய். தேநீரைக் குடித்து மயங்குவது போலவும், முள்ளங்கியைச் சத்தமின்றி மென்று முட்டை தின்பது போலவும் அவர்கள் படும் பாடுதான் கதை. கடைசியில் ஒருவன், வீட்டுக்காரரே, நம் வரிசைக்கு நல்ல காலம் வரப்போகிறது, இதோ மதுவிலே காம்பு நிமிர்ந்து நிற்கிறது என்கிறான். தேநீர்க் கிண்ணத்தில் தேயிலைக் காம்பு செங்குத்தாக மிதந்தால் சுபசகுனம் என்பது அத்தேசத்து நம்பிக்கை. தைகோ-ஜியின் 1,300 பட்டுடைப் பெண்டிரைக் காட்டிலும், இந்த முள்ளங்கிக் கூட்டத்திடமே எனக்குப் பிரியம் அதிகம். ஏமாற்றுவதற்கு அங்கே ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். தெரிந்தும் மரத்தடிக்குப் போயிருக்கிறார்கள்.

ஷோகுன் ஆட்சி 1868-இல் வீழ்ந்தது. உயேனோ மடத்தில் நடந்த சண்டையில் கட்டடங்கள் எரிந்து, அவ்விடம் 1873-இல் பொதுப் பூங்காவாயிற்று. எடோவை அடுத்த சோமெய் கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய ‘சோமெய் யோஷினோ’ என்னும் வகை, இலை தளிர்க்குமுன் கிளை மறையப் பூப்பது, விரைந்து வளர்வது, ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவது, இக்காலத்தில் தேசமெங்கும் பரவிற்று. ஒரே மரத்தின் பிரதிகளாதலால் ஓர் ஊரிலுள்ளவை யாவும் ஏறத்தாழ ஒரே நாளில் பூத்து ஒரு வாரத்தில் உதிர்கின்றன. சாமுராய் எனப்பட்ட போர்வீரர்கள் மானியம் இழந்து நிலைகுலைந்து கிடந்த காலம் அது. வடக்கே ஹிரோசாக்கியில், அவ்வகுப்பைச் சேர்ந்த கிக்குச்சி தாதெயே என்பவர், பாழடைந்த கோட்டைக்குள் 1882-இல் ஆயிரம் சகுராக் கன்றுகளை நட்டார். கோட்டையைக் குடித்துக் கூத்தாடும் இடமாக்குவதா என்று கொதித்த பழைய சாமுராய்கள் பலவற்றைப் பிடுங்கி முறித்துப்போட்டார்கள். அதே கிக்குச்சிதான் அந்நாட்டாருக்கு ஆப்பிள் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர். சகுராவின் கிளையை வெட்டுகிறவன் மூடன் என்பது பழமொழி. ஹிரோசாக்கித் தோட்டக்காரர்களோ ஆப்பிளுக்குச் செய்வதுபோலவே சகுராவையும் கழித்துவிட்டுப் பார்த்தார்கள். அறுபது வயதே ஆயுள் என்று கருதப்பட்ட வகையில் நூறு வயது கடந்த மரங்கள் இன்று அங்கே பூக்கின்றன.

பூவைப் பெரிதாக்கும் பேராசை இருபதாம் நூற்றாண்டில் ராஜாங்கத்தையே பிடித்துக்கொண்டது. இதழ் உதிர்வதுபோல வீரன் சக்கரவர்த்திக்காக உதிரவேண்டுமென்று பள்ளிப்பிள்ளைகளுக்குப் போதிக்கப்பட்டது. 1,200 கிலோ வெடிமருந்தை மூக்கிலே வைத்து, ஓட்டுகிறவன் திரும்பி வர வழியே இல்லாமற் செய்த விமானத்துக்குச் சகுராப் பூவின் பெயரையே சூட்டினார்கள். அது முதன்முதலாக ஏவப்பட்ட 1945 மார்ச் 21-ஆம் தேதியன்று, அதைச் சுமந்து சென்ற தாய்விமானங்கள் அனைத்தும் இலக்கை எட்டுமுன்பே வீழ்த்தப்பட்டன. அதற்குப் பதினோரு நாள் முன்பு, மார்ச் 10-ஆம் தேதியின் பின்னிரவில், அமெரிக்க விமானங்கள் பெய்த நெருப்பில் தோக்கியோவின் சுமிதா ஆற்றங்கரைப் பகுதி எரிந்து ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் மாண்டார்கள். யோஷிமுனே மரம் வைத்த கரைதான் அது. கிராமத்தார் பூவிலே கண்ட கொள்ளைநோய்த் தேவதை எவ்வளவோ சாதுவானது என்று தோன்றுகிறது.

இந்த யுத்தத்தின் ஒரு கிளைக்கதையை மட்டும் சொல்லிவிட வேண்டும். தோக்கியோ மேயராயிருந்த ஓசாக்கி யுக்கியோ, 1910-இல் வாஷிங்டன் நகருக்கு 2,000 சகுராக் கன்றுகளை நன்கொடையாக அனுப்பினார். பூச்சியும் நோயும் கண்டிருந்தபடியால் அவை தீயிடப்பட்டன. மனம் தளராமல் 1912-இல் 3,020 கன்றுகள் அனுப்பப்பட்டன. தோக்கியோவின் அரக்காவா ஆற்றங்கரை மரங்களிலிருந்து எடுத்த ஒட்டுக்கள் அவை. 1941 டிசம்பரில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு நாலாம் நாள், அவற்றில் நாலு மரங்களை யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். மற்றவை பிழைத்தன. அரக்காவாக் கரையிலோ, வெள்ளத் தடுப்பு வேலையாலும் ஆலைப்புகையாலும் யுத்தகால விறகுப் பஞ்சத்தாலும் தாய்மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன. 1952-இல் அப்பகுதியார் கேட்டுக்கொள்ள, சத்துருவாயிருந்த தேசத்துத் தலைநகரிலிருந்து ஒட்டுக்குச்சிகள் பிறந்த கரைக்கே திரும்பி வந்தன.

2011 மார்ச் 11-ஆம் தேதி வடகிழக்குக் கடற்கரையில் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்து, அணு உலையும் பழுதுற்றபோது, சகுரா பூக்க இரண்டு மூன்று வாரமே இருந்தது. மரத்தடியில் குடித்துப் பேசிக் களிக்கும் சமயமன்று இது என்று அன்றைய தோக்கியோ ஆளுநர் இஷிஹாரா கூறினார். உயேனோவின் சகுரா விழா நிறுத்தப்பட்டது. ஆனால் பேரலை தாக்கிய இவாத்தே மாகாணத்திலிருந்தே மது வடிக்கும் தொழிலாளர் சிலர், எங்களுக்காக நீங்கள் பூப்பார்க்காமல் இருந்துவிட்டால் எங்கள் பிழைப்பும் போய்விடும், எங்கள் ஊர் மதுவை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போங்கள் என்று வேண்டிக்கொண்டார்கள். ஆளுநருடைய சொல்லிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் துக்கத்துக்கு உரியவர்கள் எவரோ அவர்களே அனுமதி கொடுத்த பிறகு, மற்றவர்கள் அவர்களைக் காட்டிலும் அதிகமாகத் துக்கம் காப்பதில் என்ன பொருள்? ஜனங்களும், முன்போல ஆரவாரமின்றி, சிறுசிறு கூட்டமாகப் போகத்தான் போனார்கள்.

அதே மாகாணத்து ரிக்குசென்தக்காதா என்னும் ஊரில் 1,700-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வூர் இளைஞர் சிலர், அலை ஏறி வந்து நின்ற எல்லைக்கோடு நெடுகிலும் பத்து மீட்டருக்கு ஒன்றாக 17,000 சகுரா மரங்களை நடுவதென்று தீர்மானித்து, அவ்வாண்டின் இறுதியிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். முந்திய அலைகளின் எல்லையைக் குறித்துப் பெரியவர்கள் நாட்டி வைத்த கற்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மரமானால் ஆண்டுக்கொரு முறை நிமிர்ந்து பார்க்கத்தானே வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். அந்தக் கோட்டின் நீளம் 170 கிலோமீட்டர். அது வயலிலும், தோப்பிலும், சரிவிலும், வீட்டுக் கொல்லையிலுமாக ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உரியவரைத் தேடிப்பிடித்து, சிலர் ஊரைவிட்டே போய்விட்டிருப்பதால் அவர்கள் இருக்குமிடம் விசாரித்து, சம்மதம் பெற்ற பிறகே அங்கே குழி தோண்ட முடிகிறது.